ஆறு நான்முகிகளை ஒட்டினால் எத்தனை வடிவம்: 21, 23, 24, 39, 40?

கேள்வி இதுதான்: "ஒரே அளவிலான ஆறு ஒழுங்கு நான்முகிகளை முகத்தோடு முகம் ஒட்டினால் எத்தனை வெவ்வேறு வடிவங்கள் கிடைக்கும்? ஓரிடத்தில் 40 என்கிறார்கள். வேறு இடங்களில் 39, 24, 23 என்று பார்த்தேன். நானே சார்ட் அட்டையில் செய்து எண்ணியபோது 21தான் வந்தது. எது சரி?"

21-ஐத் தவிர மற்ற நான்கும் சரியாக எண்ணிய எண்களே. ஒவ்வொன்றும் வேறு விதிப்படி எண்ணியது, அவ்வளவுதான். முதலில் கேட்க வேண்டியது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைத் தனி வடிவமாக எண்ணுகிறோமா என்பது. 40, 39 என்பவர்கள் எண்ணுகிறார்கள். 24, 23 என்பவர்கள் எண்ணுவதில்லை. அடுத்தது, ஒரு கட்டை இன்னொரு கட்டைக்குள் புகுந்துவிடும் அமைப்பையும் சேர்ப்பதா என்பது. 40, 24 இரண்டிலும் அது சேர்ந்திருக்கிறது. உங்களுடைய 21-க்குக் காரணம் வேறு. அது உங்கள் அட்டைக்குள்ளேயே இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

கையால் எண்ணக்கூடிய சிறிய எண்களிலிருந்து தொடங்குவோம். ஒழுங்கு நான்முகி என்பது நான்கு சமபக்க முக்கோணங்களால் மூடிய கட்டை. இரண்டை ஒட்டினால் ஒரே வடிவம். அதற்கு வெளியே ஆறு முகங்கள் இருக்கின்றன, ஆறும் ஒன்றுபோலவே இருப்பதால் மூன்றாவது கட்டையை எங்கே ஒட்டினாலும் அதே வடிவம்தான். நான்காவதில்தான் பிரிவு தொடங்குகிறது.

மூன்று கட்டைகள் சேர்ந்ததைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெளியே எட்டு முகங்கள். நடுக்கட்டையில் இரண்டு முகங்கள் காலியாக இருக்கும். அவற்றில் எதில் ஒட்டினாலும் நடுவிலிருந்து மூன்று கை நீட்டிய வடிவம் வரும். ஓரக்கட்டைகள் இரண்டிலும் மும்மூன்று முகங்கள் காலி. அந்த மூன்றில் ஒன்று, ஏற்கெனவே மூன்று கட்டைகளுக்கும் பொதுவாக உள்ள விளிம்பைத் தொடும். அங்கே ஒட்டினால் நான்கு கட்டைகளும் ஒரே விளிம்பைச் சுற்றி விசிறிபோல் நிற்கும். மற்ற இரு முகங்களில் ஒட்டினால் முறுக்கிய சங்கிலி கிடைக்கும், ஒன்றில் வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். இந்த இரண்டும் வலக்கால் செருப்பும் இடக்கால் செருப்பும் மாதிரி. எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றதாக ஆகாது, கண்ணாடியில் பார்த்தால் மட்டும் ஆகும். ஆகவே நான்கு கட்டைகளுக்குச் செருப்புகளைத் தனித்தனியாக எண்ணினால் 4, ஜோடியை ஒன்றாக எண்ணினால் 3.

ஐந்துக்கு 10 அல்லது 7. நடுக்கட்டையின் நான்கு முகங்களிலும் ஒட்டியது 1. மூன்று கை வடிவத்தில் ஒரு கையை நீட்டினால் கண்ணாடி ஜோடியை ஒன்றாக வைத்து 2, பிரித்தால் 3. கிளை பிரியாத சங்கிலிகள் ஒன்றாக வைத்து 4, பிரித்தால் 6. அந்தச் சங்கிலிகளில் ஒரு ஜோடியை மட்டும் தனியே கவனியுங்கள். ஒவ்வொரு கட்டையும் முந்தைய முறுக்கை அதே பக்கமாகத் தொடர்ந்தால் திருகு ஏணிபோல் மேலே ஏறிக்கொண்டே போகும். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இதற்கு டெட்ராஹீலிக்ஸ் என்று பெயர் வைத்தார். ஜப்பானில் மிட்டோ நகரில் அராட்டா இசோசாகி வடிவமைத்த 100 மீட்டர் உயரக் கோபுரம் இந்தத் திருகுதான். படத்தைத் தேடிப் பாருங்கள், நம் ஐந்து கட்டைச் சங்கிலி வானம் வரை வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஆறுக்குப் போவதற்கு முன் ஒரு அடிப்படைக் கேள்வி. நான்கு கனசதுரங்களை எடுத்தால் 2×2 சதுரமாக அடுக்கலாம். அப்போது சங்கிலி மூடிக்கொள்கிறது, முதல் கட்டையும் கடைசிக் கட்டையும் முகம் ஒட்டி நிற்கின்றன. நான்முகிகளில் அப்படி நடக்குமா? நடந்தால் நம் எண்ணிக்கையே தலைகீழாகும். ஏனென்றால் ஒரே வடிவத்தைப் பல வழிகளில் கட்டியிருக்கலாம், அத்தனையையும் ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். போலந்துக் கணித அறிஞர் ஹூகோ ஸ்டைன்ஹவுஸ் 1957-இல் இந்தக் கேள்வியைக் கேட்டார். நடக்கவே நடக்காது என்று ஸ்டானிஸ்லாவ் ஸ்வியர்ச்கோவ்ஸ்கி விரைவிலேயே நிறுவினார். எத்தனை ஆயிரம் கட்டைகளை ஒட்டினாலும், திரும்பி வராமல் முன்னேறும் சங்கிலி ஒருபோதும் தொடங்கிய கட்டையில் போய்ச் சேராது.

இதற்கு ஒரு நிரூபணத்தைப் பள்ளிக்கணக்கு அளவிலேயே சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் முழுதாகவே தருகிறேன். முதல் கட்டையின் முனைகள் A, B, C, D. வெளியிலுள்ள எந்தப் புள்ளியையும் இந்த நான்கின் கலவையாக, கூட்டினால் 1 வரும் நான்கு எண்களால் எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான். A என்பது (1, 0, 0, 0). ABC முகத்தில் புதுக்கட்டை ஒட்டும்போது D மறைந்து, முகத்தின் மறுபுறம் E என்ற புது முனை வருகிறது. முகத்தின் மையம் மூன்று முனைகளின் சராசரி. E அந்த மையத்துக்கு அப்பால், D இருந்த அதே தூரத்தில் இருக்கிறது. ஆகவே விதி எளிது: முகத்தின் மூன்று முனைகளைக் கூட்டி, 2/3-ஆல் பெருக்கி, பழைய முனையைக் கழிக்க வேண்டும். E = (2/3, 2/3, 2/3, −1).

அடுத்து B, C, E உள்ள முகத்தில் ஒட்டுவோம். இப்போது A மறைகிறது. புது முனை F = (−5/9, 10/9, 10/9, −6/9). பகுதி 9 ஆகிவிட்டது. மேலே உள்ள 5, 10 எதுவும் 3-ஆல் வகுபடவில்லை, அதனால் சுருக்க முடியாது. மூன்றாவது ஒட்டலில் பகுதி 27, நான்காவதில் 81. ஏன் எப்போதும் இப்படி? நாம் வந்த வழியே திரும்புவதில்லை. ஆகவே ஒட்டும் முகத்தில் சற்றுமுன் பிறந்த முனை கட்டாயம் இருக்கும். எல்லாவற்றிலும் பெரிய பகுதி அதனுடையதுதான். மற்ற முனைகளின் பகுதியில் ஒரு 3-ஆவது குறைவாக இருக்கும். 2/3-ஆல் பெருக்கும்போது பகுதியில் இன்னொரு 3 ஏறுகிறது. மேலே ஏறுவது 2, அது 3-ஐ அடிக்காது. சிறிய பகுதியுள்ள முனைகளைக் கூட்டினாலும் கழித்தாலும் அந்தப் பெரிய பகுதி கரையாது. முதல் கட்டையின் முனைகளுக்கோ பகுதி 1. பகுதி ஏறிக்கொண்டே போகும் சங்கிலி பகுதி 1 உள்ள கட்டையில் எப்படி வந்து சேரும்? சேராது.

இதனால் ஒரு பெரிய வசதி. நான்முகிக் கொத்து ஒவ்வொன்றும் கிளை பிரியும் மரம் மாதிரி, எங்கும் வட்டம் கிடையாது. எந்தக் கட்டை எதனோடு ஒட்டியிருக்கிறது என்பதில் குழப்பமே வராது. கனசதுரக் கொத்துகளுக்கு இன்றுவரை பொதுச் சூத்திரம் இல்லை, கணினியில் ஒவ்வொன்றாக எண்ணித்தான் தீர வேண்டும். நான்முகிகளில் பென்சிலும் தாளும் போதும், குறைந்தது நம் 40 என்ற விடையை எட்டும் வரை. ஹெரிங், ரீட், ஷெப்பர்ட் என்ற கணித அறிஞர்கள் மூவரும் 1982-இல் இந்தக் கணக்கைப் பொதுவாகவே தீர்த்தார்கள். கட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதை அவர்கள் தடுக்கவில்லை. 40-உம் 24-உம் அந்த வழியில் வரும் எண்கள்.

40 எப்படி வருகிறது என்று போட்டுக் காட்டுகிறேன். ஒரு முகத்தில் தொங்கும் கிளையில் 1, 2, 3, 4, 5 கட்டைகள் இருந்தால் அமைக்கும் வழிகள் முறையே 1, 3, 12, 55, 273. (மூன்றுக்கு 12 ஏன் என்று நீங்களே சரிபாருங்கள்: முதல் கட்டையின் மூன்று முகங்களில் இரண்டில் ஒட்டுவது 3 வழி; ஒன்றில் இரண்டு கட்டைக் கிளையைத் தொங்கவிடுவது 9 வழி.) இப்போது ஆறு கட்டைக் கொத்தில் ஒரு கட்டைக்குச் சிவப்பு அடியுங்கள். மீதி ஐந்து கட்டைகளை அதன் நான்கு முகங்களில் பகிர 2448 வழிகள். நான்முகியை அதன் இடத்திலேயே 12 விதமாகச் சுழற்றலாம். ஐந்து கட்டைகளை எப்படிப் பகிர்ந்தாலும் எந்தச் சுழற்சிக்கும் அது அப்படியே இருப்பதில்லை. ஆகவே 2448-ஐ 12-ஆல் வகுத்து 204.

அடுத்து, கட்டைக்குப் பதிலாக ஓர் ஒட்டு முகத்துக்குச் சிவப்பு அடியுங்கள். இருபுறமும் கிளைகள்: 1-5, 2-4, 3-3, 4-2, 5-1. வழிகள் 273 + 165 + 144 + 165 + 273 = 1020. முகத்தை ஆறு விதமாகத் திருப்பலாம். அவற்றில் மூன்று, இரு பக்கங்களையும் இடம் மாற்றிப் புரட்டுபவை. ஒவ்வொரு புரட்டலிலும் மாறாமல் இருப்பவை 12. ஆக (1020 + 36) ÷ 6 = 176.

மரத்தில் கட்டைகள் இணைப்புகளைவிட எப்போதும் ஒன்று கூடுதல். சுழற்றினால் ஒன்றுபோல் ஆகும் கட்டைகளையும் இணைப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினாலும் இந்த வித்தியாசம் 1-ஆகவே நிற்கும். ஒரே விலக்கு, நடு இணைப்பைப் புரட்டினால் இரு பாதிகளும் இடம் மாறிப் பொருந்தும் வடிவங்கள். அவற்றில் வித்தியாசம் 0. அப்படிப்பட்டவை ஆறு கட்டைகளில் 12 இருக்கின்றன. ஆகவே 204 − 176 = 28, விட்டுப்போன 12-ஐச் சேர்த்தால் 40. இவற்றில் தன் பிம்பமும் தானும் ஒன்றாக இருப்பவை 8. மீதி 32-உம் செருப்பு ஜோடிகள், அதாவது 16 ஜோடி. 16 + 8 = 24.

12-ஆல் வகுப்பது, 6-ஆல் வகுப்பது என்று நாம் செய்யும் இந்த வேலையை இயற்கையும் செய்கிறது. அதனால் ஒரு சிறு கிளைக்கதை. ஒட்டும் தன்மையுள்ள ஆறு நுண்ணிய கோளங்கள் தண்ணீரில் ஒன்றுசேர்ந்தால் இரண்டு விதமாக உறுதியாக நிற்கலாம்: ஒன்று எண்முகி, இன்னொன்று நம் மூன்று நான்முகிக் கொத்து. இரண்டிலும் தொடுகைகள் 12, ஒட்டும் ஆற்றலும் ஒன்றே. ஆனால் ஹார்வர்டில் வினோதன் மனோகரன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட சோதனையில் நான்முகிக் கொத்து 20 மடங்குக்கும் கூடுதலாகத் தோன்றியது. பெரிய காரணம் சமச்சீர்தான். எண்முகியை 24 விதமாகச் சுழற்றினாலும் அப்படியே இருக்கும். நான்முகிக் கொத்தை 2 விதமாக மட்டும். சமச்சீர் மிகுந்த வடிவத்துக்கு, அதை அமைக்கும் வழிகள் அந்த அளவுக்குக் குறைகின்றன.

சரி, 39-க்கும் 23-க்கும் வருவோம். நான்முகியின் இரு முகங்களுக்கு நடுவே உள்ள கோணம் 70.53 பாகை. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்து கட்டைகளை வைத்தால் 352.64 பாகை, அதாவது முழுச்சுற்றுக்கு 7.36 பாகை குறைவு. ஆறாவதை வைத்தால் 423 பாகையைத் தாண்டும். அது முதல் கட்டைக்குள் புகுந்தாக வேண்டும். மரக்கணக்குக்கு அது தெரியாது, அதையும் ஒரு வடிவமாக எண்ணிவிடும். கையில் செய்ய முடியாத அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் 40 என்பது 39 ஆகும், 24 என்பது 23 ஆகும். உண்மையான திடப்பொருள்களை எண்ணுகிறோம் என்றால் இவைதான் விடை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 39 என்பேன். செய்து வைத்த கட்டைக் கொத்தைக் கண்ணாடிக்குள் தள்ளி மறுபக்கமாக எடுக்க முடியாது அல்லவா? தட்டையான காகிதத் துண்டுகள் என்றால் கவிழ்த்துப் போடலாம். இங்கே அந்த வழி கிடையாது.

ஏழுக்கும் இதே முறையில் போகலாம். மரக்கணக்கு 171, பிம்பங்களை ஒன்றாக வைத்தால் 93. ஒரு விளிம்பைச் சுற்றி ஆறு நின்று உள்ளே புகும் கொத்துக்கு வெளியே 14 முகங்கள். அதை அரைச்சுற்று திருப்பினால் முகங்கள் இரண்டிரண்டாக ஒன்றுபோல் ஆகும், ஆகவே ஏழாவது கட்டையைச் சேர்க்க 7 வழிகள். அந்த ஏழையும் கழித்தால் 164. பிம்பங்களை ஒன்றாக வைத்தால் 4 கழிந்து 89. அதற்கு மேல் போனால் நீண்ட சங்கிலிகள் வேறு வழிகளில் சுற்றிவந்தும் மோதிக்கொள்ளும், ஒரு விளிம்பை மட்டும் பார்த்துக் கழித்தால் போதாது. கணினியில் ஒவ்வொரு கொத்தின் முனைகளையும் கணித்து, எந்த இரு கட்டைகளாவது இடத்தைப் பங்கிடுகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் 21. அந்த 7.36 பாகைதான் காரணம் என்று நினைக்கிறேன். 5 செ.மீ. விளிம்புள்ள கட்டைகள் என்றால், ஐந்தைச் சுற்றி ஒட்டியபின் முதல் கட்டைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வெளிமுனையில் இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 5.5 மில்லிமீட்டர். அட்டையின் தடிமன், ஃபெவிகால் படிந்த மடிப்பு, லேசாக உப்பிய முகங்கள் எல்லாம் சேர்ந்து அதை எளிதில் விழுங்கிவிடும். ஒவ்வொரு கட்டையும் ஒன்றரை பாகை விரிந்தாலே ஐந்தும் முழு வட்டமாக மூடிக்கொள்ளும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒழுங்கு நான்முகிகள் இடைவெளி இல்லாமல் வெளியை நிரப்பும் என்று அரிஸ்டாட்டிலே எழுதினார், அந்தத் தவறு பல நூற்றாண்டுகள் நீடித்தது.

வட்டம் மூடிவிட்டதாக எடுத்துக்கொண்டால் ஆறாவது கட்டையை அதன் பக்கவாட்டில் எங்கே ஒட்டினாலும் ஒரே வடிவம்தான். நீங்கள் அதை ஒன்றாக எண்ணியிருப்பீர்கள். உண்மையில் வட்டம் திறந்திருக்கிறது, திறப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆறாவது கட்டை திறப்பை ஒட்டிய ஓரக்கட்டையின் மேல் நிற்கலாம், அதற்கு அடுத்ததன் மேல் நிற்கலாம், அல்லது திறப்புக்கு நேர் எதிரே நடுக்கட்டையின் மேல் நிற்கலாம். பிம்பங்களை ஒன்றாக வைத்தாலும் இவை மூன்று வடிவங்கள். அந்த மூன்றும் உங்கள் மேசையில் ஒன்றாகிவிட்டன. 23-இல் இரண்டு குறைந்து 21.

சரிபார்க்க விரும்பினால் அந்த ஐந்து கட்டை வட்டத்தை மட்டும் மறுபடி செய்யுங்கள். தடித்த அட்டை வேண்டாம். முக்கோணங்களை ஸ்கேல் வைத்து வெட்டி, மடிப்புகளை முதலில் முனை மழுங்கிய பேனாவால் அழுத்திக் கோடிட்டு மடக்குங்கள். ஐந்தையும் ஒரே விளிம்பில் வரிசையாக ஒட்டிக் காயவிட்டு, கடைசி இரு முகங்களுக்கு நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகிப் பாருங்கள். 5 செ.மீ. கட்டை என்றால் வெளிமுனைப் பக்கம் தீக்குச்சி தாராளமாக நுழையும். பிறகு ஆறாவது கட்டையை ஒட்டாமல், திறப்பின் பக்கத்தில், அதற்கு அடுத்து, எதிரே என்று மூன்று இடங்களிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் தீக்குச்சி எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். உங்கள் எண்ணிக்கையில் விடுபட்ட இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.